எழுதியதும் பதிந்ததும்

கல்லூரியில் சேர விரும்பும் மாணவி ஒருத்தி பேருந்து நிலையத்தில் நிற்கின்றாள் என்று கொள்வோம். அவள் கல்வி உதவித்தொகை வேண்டி வலைத்தளம் ஒன்றின் வாயிலாக விண்ணப்பித்திருக்கின்றாள். விண்ணப்பித்த நாளில் தந்தையின் பழைய கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தாள். இப்பொழுது அந்த எண் தந்தையிடம் இல்லை. ஆதலின், புதிய எண்ணைப் பதிய எண்ணித் தன் கைபேசியில் தன்விவரப் பக்கத்தைத் திறக்கின்றாள். பழைய எண்ணை அழிக்கின்றாள். புதிய எண்ணை இடுகின்றாள். 'சேமி' என்னும் பொத்தானையும் அழுத்துகின்றாள். அந்த வேளையில் பேருந்து வந்து நிற்கிறது. பொத்தானின் அருகே சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும்போதே, அவள் கைபேசியைப் பையில் இட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகின்றாள். புதிய எண்ணைக் கட்டத்தில் தன் கண்ணாலேயே கண்டாள் அன்றோ? பணி முடிந்தது என்றே அவள் நினைத்தாள்.

சில நாள்கள் கழிகின்றன. சான்றிதழ்களுடன் நேரில் வருமாறு அலுவலகம் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அச்செய்தி பழைய எண்ணுக்கே செல்கிறது. கைவிடப்பட்ட கைபேசி எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் ஒதுக்கிவைத்துப் பின்பு வேறொருவர்க்கு வழங்குதல் நம் நாட்டு வழக்கம். முன்பின் அறியாத ஒருவர் அச்செய்தியைப் படித்துவிட்டு அழித்துவிடுகின்றார். வரச்சொன்ன நாளும் கடந்துபோகிறது.

அம்மாணவி எழுதியது உண்மை. ஆனால், எழுதியது பதியவில்லை. எழுதுவதற்கும் பதிவதற்கும் இடையே இருக்கும் வழி யாது? அவ்வழியை ஒரு சிறு திருத்தம் எவ்வாறு கடந்து செல்கிறது? எங்கெங்கே அது தடைப்படக்கூடும்? இவற்றை அறிவது, வலைச்செயலிகளைப் பயன்படுத்துவோர்க்கும் அவற்றை ஆக்குவோர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

ஏடும் படியும்

நம் கைபேசியில் தோன்றும் தன்விவரப் பக்கம் மூல ஏடு அன்று. அதன் படியே ஆகும். மூல ஏடு தொலைவில் உள்ள வழங்கி என்னும் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் இருக்கிறது. பக்கத்தைத் திறக்குமாறு நாம் கேட்டபொழுது, அந்த ஏட்டில் இருந்த செய்திகளை வழங்கி படியெடுத்து அனுப்பியது. நம் கையிலுள்ள உலாவி அப்படியைக் கட்டங்கள் அமைந்த படிவமாகக் காட்டுகிறது. கட்டத்தில் நாம் எழுதுவது படியில் எழுதுவதேயன்றி ஏட்டில் எழுதுவது ஆகாது. பொத்தானை அழுத்துமுன் பக்கத்தை மூடிவிட்டால், பலகையில் எழுதிய எழுத்தைத் துணியால் துடைத்தாற்போல அது மறைந்துபோகும்.

வையவிரிவு வலை என்னும் அமைப்பை உருவாக்கும் எண்ணத்தை டிம் பெர்னர்சு லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1989-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆய்வுக் கட்டுரைகளையும் குறிப்புகளையும் பலரும் படிக்கத் தருவதே தொடக்கத்தில் அதன் நோக்கமாக இருந்தது. படிப்போர் தாமும் எழுதி அனுப்புவதற்கு உரிய படிவங்கள், 1995-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 என்னும் வரையறையில் முறையாக இடம்பெற்றன. அதன்பின் வலை, படிக்கும் இடமாக மட்டுமன்றி எழுதும் இடமாகவும் வளர்ந்தது. எழுதுவோர் பெருகவே, எழுதியதைக் காக்கும் பொறுப்பும் பெருகியது.

வாயிற் காவல்

'சேமி' என்னும் பொத்தானை அழுத்தியதும், உலாவி படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் அதில் உள்ள மதிப்பையும் இணை இணையாகக் கோத்து ஒரு பொதியாக்குகிறது. இடைவழியில் பிறர் படித்துவிடாதபடி அப்பொதி மறையெழுத்தாக மாற்றப்பட்டு வழங்கியை நோக்கிப் புறப்படுகிறது. வழங்கி அதனைப் பெற்றவுடன் ஏட்டில் எழுதிவிடுவதில்லை, எழுதவும் கூடாது. அது முதலில் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

இதனை அனுப்பியவர் யார் என்பது முதல் வினா. வலையின் இயல்பான நெறிமுறைக்கு நினைவு என்பது இல்லை. ஒரு வேண்டுகோளுக்கு விடை தந்தவுடன், கேட்டவர் யார் என்பதை அது மறந்துவிடும். இக்குறையை நீக்கவே, 1994-ஆம் ஆண்டு நெட்சுகேப்பு நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்பவர் 'குக்கி' என்னும் சிறு அடையாளச் சீட்டை அமைத்தார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையும்பொழுது வழங்கி இச்சீட்டைத் தருகிறது. பின்பு வரும் ஒவ்வொரு வேண்டுகோளோடும் உலாவி அதனைக் காட்டுகிறது. யாருடைய விவரத்தைத் திருத்துவது என்பதை வழங்கி இச்சீட்டைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். படிவத்துக்குள் மறைத்து வைத்த பயனர் எண்ணை நம்புதல் தகாது. அவ்வெண்ணை ஒருவர் மாற்றி அனுப்பினால், அயலார் ஏட்டில் அவர் எழுதியவர் ஆவார். மேலும், வேறொரு தளம் நம் பெயரால் படிவத்தை அனுப்பிவிடாதிருக்க, ஊகிக்க இயலாத குறிச்சொல் ஒன்றைப் படிவத்தோடு சேர்த்து அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதும் வழங்கியின் கடமையாகும்.

எவற்றை மாற்ற இவருக்கு உரிமை உண்டு என்பது இரண்டாம் வினா. மாணவி தன் முகவரியைத் திருத்தலாம். ஆனால், தனக்குக் கிடைக்க வேண்டிய தொகையைத் தானே திருத்தலாகாது. படிவத்தில் அத்தகைய கட்டம் இல்லையே என்று வாளா இருத்தல் கூடாது. படிவத்தில் இல்லாத கட்டத்தையும் பொதியில் சேர்த்து அனுப்ப வல்லவர் உளர். இதற்குச் சான்றாகும் நிகழ்ச்சி ஒன்று 2012-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்தது. நிரலாளர்கள் தம் நிரல்களை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் என்னும் தளத்தில், பயனர் தம் அடையாளத் திறவியைத் திருத்துவதற்கு ஒரு படிவம் இருந்தது. படிவத்தில் இல்லாத செய்தியைச் சேர்த்து அனுப்பினாலும் வழங்கி அதனை ஐயுறாமல் ஏற்றுக்கொண்டது. இக்குறையை உலகறியச் செய்ய விரும்பிய இகோர் ஹோமகோவ் என்னும் உருசிய இளைஞர், தம் திறவியை ரெயில்சு என்னும் புகழ்பெற்ற நிரற்குழுவின் கணக்கோடு சேர்த்து, அக்குழுவின் நிரலிலேயே எழுதிக் காட்டினார். தளத்தார் குறையை அன்றே நீக்கினர். 'இன்ன இன்ன கட்டங்களை மட்டுமே ஏற்பேன்' என்று வழங்கி முன்னரே பட்டியல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்னும் பாடத்தை நிரலாளர் பலர் அந்நிகழ்ச்சியால் உணர்ந்தனர்.

எழுதிய மதிப்பு முறையானதா என்பது மூன்றாம் வினா. நம் நாட்டுக் கைபேசி எண் 10 இலக்கங்கள் உடையது. ஒன்பது இலக்கங்களே இருப்பின் அது பிழை. உலாவியே இதனைக் கண்டு சொல்லிவிடுமாயின் நமக்கு நேரம் மிச்சமாகும். எனினும், உலாவி செய்யும் சோதனை பயனர்க்குச் செய்யும் உதவியே; அது காவல் ஆகாது. உலாவியைக் கடந்தும் பொதிகளை அனுப்ப இயலும் ஆதலால், வழங்கி மீண்டும் சோதித்தே தீர வேண்டும்.

பெயருக்கு வந்த இடர்

சோதனை வேண்டும் என்றோம். சோதனை அறியாமையால் அமைந்தால் அதுவே இடராகவும் முடியும். தந்தையின் பெயரிலுள்ள முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுத் தம் பெயரை எழுதுவது தமிழர் பலருடைய வழக்கம். குடும்பப் பெயர் அவர்களுக்கு இல்லை. 'பெயரின் இரண்டாம் பகுதி கட்டாயம்' என்று வற்புறுத்தும் படிவத்தின்முன் அவர்கள் திகைத்து நிற்கின்றனர். ஒருவர் தந்தையின் பெயரை எழுதுகின்றார். மற்றொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுகின்றார். வேறொருவர் ஒரு புள்ளியை இட்டு அனுப்புகின்றார். ஒரே மனிதர் மூன்று அலுவலகங்களில் மூன்று பெயருடையவராகக் காட்சியளிக்க இதுவும் ஒரு காரணமாகும்.

பெயரின் நீளத்திலும் ஓர் இடர் உண்டு. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே வைத்துக்கொள்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்த யூனிக்கோடு, 1991-ஆம் ஆண்டு வெளியான தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் தந்தது. அம்முறையில் 'செ' என்னும் ஓர் எழுத்து, சகரமும் ஒற்றைக்கொம்பும் ஆக இரண்டு குறியீடுகளால் அமைகிறது. 'ந்' என்பதும் நகரமும் புள்ளியும் ஆக இரண்டு குறியீடுகள் கொண்டது. இக்குறியீடு ஒவ்வொன்றும், யு.டி.எப்.-8 என்னும் பரவலான முறையில் மூன்று பைட்டு இடம் கொள்ளும்.

செந்தமிழ்ச்செல்வி என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் அது 9 எழுத்து. குறியீடுகளை எண்ணினால் 17 ஆகும். பைட்டுகளை எண்ணினாலோ 51 ஆகும். பெயருக்கு 50 பைட்டு இடம் போதும் என்று ஒருவர் கருதித் தரவுத்தளத்தை அமைத்திருப்பாராயின், ஒரே ஒரு பைட்டு மிஞ்சிவிடுகிறது. மிஞ்சியதை அறிவித்து மறுப்பது நல்ல அமைப்பு. வாய் திறவாமல் வெட்டிவிடுவது தீய அமைப்பு. வெட்டிவிடின் கடைசி இகரக் குறி நிலைத்து நில்லாது. செல்வி ஏட்டில் 'செல்வ' என்று நிற்பாள். சான்றிதழில் ஒரு பெயர், ஏட்டில் வேறொரு பெயர்! ஒரு குறி குறைந்தமையால் வருங்காலத்தில் அவள் எத்தனை வாயில்களில் நின்று விளக்கம் சொல்ல நேருமோ!

முழுமையாக எழுதுதல்

காவலைக் கடந்த திருத்தம் ஏட்டை அடைகிறது. இங்கும் ஒரு நெறி உண்டு. மாணவியின் எண் மாறும்பொழுது, தன்விவரப் பதிவிலும் எண் மாற வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பும் பட்டியலிலும் அது மாற வேண்டும். முதற் செயல் முடிந்து இரண்டாவது தொடங்குமுன் மின்சாரம் நின்றுவிட்டால் என் ஆகும்? பக்கத்தைப் பார்த்தால் புதிய எண் தோன்றும். செய்தியோ பழைய எண்ணுக்கே செல்லும். பாதி எழுதிய ஏடு, எழுதாத ஏட்டினும் தீங்கு தருவதாகும்.

ஆதலின், தொடர்புடைய செயல்களை ஒரு கட்டாகக் கட்டி, எழுதினால் அனைத்தையும் எழுதுதல், இயலாவிடின் ஒன்றையும் எழுதாமல் பழைய நிலைக்கே மீளுதல் என்னும் முறையை அறிஞர் வகுத்தனர். இக்கட்டினைப் பரிமாற்றம் என்பர். இத்துறையில் அரும்பணி ஆற்றிய சிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர்க்கு 1998-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு வழங்கப்பட்டது. பரிமாற்றத்துக்கு வேண்டிய முழுமை, முரணின்மை, தனிமை, நிலைபேறு ஆகிய நான்கு பண்புகளையும் சேர்த்து 'ஆசிடு' என்னும் சுருக்கப்பெயரை 1983-ஆம் ஆண்டு ஆர்டர், ராய்ட்டர் என்னும் இருவர் இட்டனர். நிலைபேற்றைக் காக்கும் வழியும் எளியதே. செய்யப்போகும் மாற்றத்தை முன்னதாகவே ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்த பின்னரே 'முடிந்தது' என்று தரவுத்தளம் சொல்லும். இடையில் மின்சாரம் நின்றாலும், கணிப்பொறி மீண்டும் விழித்தெழுந்து அக்குறிப்பேட்டைப் படித்து விடுபட்டதை நிறைவு செய்யும்.

இருவர் திருத்தினால்

ஒருவர் பதிந்ததை மற்றொருவர் அறியாமல் அழிப்பதும் உண்டு. மாணவியின் தந்தை காலை 10 மணிக்கு வீட்டுக் கணிப்பொறியில் மகளின் தன்விவரப் பக்கத்தைத் திறக்கின்றார். மகளும் 10.01-க்குத் தன் கைபேசியில் அதே பக்கத்தைத் திறக்கின்றாள். எண்ணைத் திருத்தி 10.02-க்குச் சேமிக்கின்றாள். ஏட்டில் புதிய எண் செம்மையாகப் பதிந்துவிடுகிறது. தந்தையோ வீட்டு முகவரியை மட்டும் திருத்தி 10.05-க்குச் சேமிக்கின்றார். அவர் கையிலுள்ளது 10 மணிக்கு எடுத்த படி. அதில் பழைய எண்ணே இருக்கிறது. படிவம் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து அனுப்புவதால், புதிய முகவரியோடு பழைய எண்ணும் சென்று ஏட்டில் அமர்கிறது. மகள் செய்த திருத்தம் மறைந்தது. இருவரும் பிழை செய்யவில்லை. இருவர்க்கும் 'சேமிக்கப்பட்டது' என்னும் விடையே கிடைத்தது. எனினும் ஏடு பிழைபட்டது. இதனைத் தொலைந்த திருத்தம் என்று வழங்குவர்.

இதனைத் தடுக்க இரு வழிகள் உள்ளன. மாறிய கட்டத்தை மட்டும் அனுப்புவது ஒரு வழி. இதற்கென்றே 'பேட்ச்' என்னும் வேண்டுகோள் முறை 2010-ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. ஏட்டின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரிசை எண் இடுவது மற்றொரு வழி. தந்தை பெற்ற படியில் 7 என்னும் எண் இருந்தது என்க. மகள் சேமித்தவுடன் ஏட்டின் எண் 8 ஆயிற்று. தந்தை 7 என்னும் எண்ணோடு திருத்தத்தை அனுப்பும்பொழுது, வழங்கி அதனை ஏற்காமல், 'நீங்கள் பார்த்தபின் இந்த ஏடு மாறியிருக்கிறது. புதிய நிலையைக் கண்டு திருத்துக' என்று அறிவிக்கும். அவ்வாறு அறிவிக்கும்பொழுது தந்தை எழுதிய முகவரியையும் அழித்துவிடாமல் காட்டுதல் வேண்டும். பிறர் உழைப்பைக் காப்பதற்காக இவர் உழைப்பை வீணாக்குதல் முறையன்று.

ஒப்புகை

முன்னாளில் பதிவு அஞ்சல் அனுப்பியோர், பெற்றவர் கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை கைக்கு வந்த பின்னரே மடல் சேர்ந்தது என்று அமைதியுற்றனர். அஞ்சல் பெட்டியில் இட்ட அளவிலே சேர்ந்துவிட்டது என்று எவரும் கொள்ளவில்லை. வலைச்செயலியிலும் அத்தகைய ஒப்புகை வேண்டும். 'சேமிக்கப்பட்டது' என்னும் சொல் ஒரு வாக்குறுதி. ஏட்டில் முழுமையாகப் பதிந்த பின்னரே அதனைச் சொல்ல வேண்டும். விரைவாக இயங்குவதுபோலத் தோன்ற வேண்டும் என்னும் ஆசையால், பொதி புறப்பட்டவுடனே 'சேமிக்கப்பட்டது' என்று காட்டும் செயலியும் உண்டு. அது பொய்யான ஒப்புகை அன்றோ?

பதியவில்லையாயின் அதனையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஏதோ பிழை' என்று சொல்லி நிறுத்துதல் போதாது. எந்தக் கட்டத்தில் பிழை, அதனை எவ்வாறு திருத்துவது என்பதைக் கட்டத்தின் அருகிலேயே எழுத வேண்டும். சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால், நிறம் பகுத்தறிய இயலாதவர் அதனை அறியார். பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் கருவியும் அதனை உரையாது. ஆதலின், பிழையைச் சொல்லாலும் உணர்த்துதல் இன்றியமையாதது. சேமிக்காத திருத்தம் இருக்கும்பொழுது பயனர் பக்கத்தை விட்டு நீங்க முற்பட்டால், 'நீங்கள் எழுதியது இன்னும் பதியவில்லை' என்று எச்சரிப்பதும் நன்று.

கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை மாறும்பொழுது தனிக் கவனம் வேண்டும். கடவுச்சொல்லை மறந்தோர்க்கு மீண்டும் வழி திறப்பவை அவையே. எனவே, புதிய எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல்லை அனுப்பி, அது உரியவரிடம் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். முன்பு பதிந்திருந்த முகவரிக்கும் மாற்றத்தை அறிவித்தல் வேண்டும். திருடன் ஒருவன் மாற்றியிருப்பின் உடையவர் உடனே விழித்துக்கொள்ள அது துணைபுரியும்.

நம் கடமை

தம்மைப் பற்றிய விவரம் பிழையாக இருப்பின் அதனைத் திருத்தக் கோருவது மக்களுக்கு உரிய உரிமை என்று, நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனித்தரவுக் காப்புச் சட்டம் வகுத்துரைக்கிறது. ஒவ்வொரு 'சேமி' பொத்தானும் அவ்வுரிமையின் வாயில் எனலாம். வாயில் அடைபட்டிருந்தால், சட்டத்தில் உள்ள உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

பேருந்தில் ஏறிய மாணவிக்கு நேர்ந்தது யாது? வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். எண்ணின் நடுவே அவள் இட்ட இடைவெளியைக் கண்டு வழங்கி மறுத்திருக்கலாம். ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டு அது காத்திருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், அதனை உரைக்கும் விடை பையினுள் இருந்த திரையில் எவரும் காணாமல் தோன்றி மறைந்தது. இன்னும் சில நொடிகள் பொறுத்து, ஒப்புகையைக் கண்டு, பக்கத்தை மறுமுறை திறந்து பார்த்திருப்பாளாயின் அவள் பிழையை உணர்ந்திருப்பாள். மறுமுறை திறக்கும்பொழுது வருவது ஏட்டின் புதிய படி. அதில் நாம் எழுதியது இருந்தால் மட்டுமே அது பதிந்தது என்று துணியலாம். இது பயனர் கடமை.

எனினும், குற்றம் முழுவதையும் அவள்மேல் சுமத்துதல் அறம் ஆகாது. மக்கள் பேருந்துக்கு விரைவர், இணைப்பு அறுபடும், விரல் தவறும். இவற்றையெல்லாம் எதிர்நோக்கிச் செயலியை அமைப்பதே ஆக்குவோர் கடமை. பொதி வந்து சேரவில்லையாயின் உலாவியே அதனைக் காத்துவைத்து மீண்டும் அனுப்பலாம். அவள் அடுத்த முறை நுழையும்பொழுது 'உங்கள் திருத்தம் நிறைவுபெறவில்லை' என்று முதல் வரியிலேயே நினைவூட்டலாம். உங்களுள் சிலர் நாளை இத்தகைய செயலிகளை ஆக்கும் பணியில் அமர்வீர்கள். அப்பொழுது கட்டங்களையும் பொத்தான்களையும் மட்டும் நினையாது, அப்பொத்தானை அழுத்திவிட்டு நம்பிக்கையோடு பேருந்தில் ஏறும் மாணவியையும் நினைவில் கொள்க. அவள் எழுதியது பதிந்தால்தான், அவளை அழைக்கும் செய்தி அவள் கைக்கு வந்து சேரும்.

பயிற்சி

1. திரையில் தோன்றும் தன்விவரப் பக்கம் மூல ஏடு அன்று என்பதை விளக்குக.
2. திருத்தத்தை ஏற்குமுன் வழங்கி எழுப்ப வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?
3. செந்தமிழ்ச்செல்வி என்னும் பெயர் ஏட்டில் குறைபடுவது எவ்வாறு? உங்கள் பெயரின் எழுத்து, குறியீடு, பைட்டு ஆகியவற்றைக் கணக்கிட்டு எழுதுக.
4. தொலைந்த திருத்தம் என்பது யாது? அதனைத் தடுக்கும் வழிகளை எழுதுக.
5. 'சேமிக்கப்பட்டது என்னும் சொல் ஒரு வாக்குறுதி' — இக்கருத்தை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.